எண்ணிக்கையில் வராத வீடுகள்

கிராமத்து மருத்துவத்துக்கு அரசிடம் மானியம் கேட்பது என்றாலே, அதைக் கடைசி வாரத்து வேலையாகத்தான் பல இடங்களில் பார்க்கிறார்கள். அறிவிப்பு வந்திருக்கிறது, இன்னும் பத்து நாள்தான் என்று யாரோ சொல்வார்கள். ஒருவர் ஆடிட்டர் ஆபீசுக்கு ஓடுவார். இன்னொருவர் பழைய விண்ணப்பத்தை எடுத்து ஊர்ப்பெயரையும் தொகையையும் மாற்றுவார். பணம் வந்தால் சந்தோஷம், வராவிட்டால் மேலே நமக்கு ஆள் இல்லை என்று ஒரு பெருமூச்சு. இந்தப் போக்கோடு எனக்கு நெடுநாளாக உடன்பாடு இல்லை. எந்த ஊருக்கு மருந்து போகும், எந்த ஊருக்குப் போகாது என்பது விண்ணப்பத்துக்காக நாம் ஊர்ப் பட்டியல் போடும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. பணம் வந்த பிறகு அதை மாற்றுவது ரொம்பக் கடினம்.

ஈரோடு மாவட்டத்தில் அந்தியூருக்கு மேலே இருக்கும் பர்கூர் மலையில் மருத்துவ முகாம் நடத்தும் ஒரு சின்ன அறக்கட்டளைக்கு நான் எழுத்து வேலை பார்த்துக் கொடுக்கிறேன். நடமாடும் மருத்துவ ஊர்தி ஒன்றுக்காக மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் மானியத்துக்கு விண்ணப்பிப்பது என்று பேசி முடிவானது. தன்னார்வ நிறுவனங்களுக்கு அந்த அமைச்சகம் தரும் மானியத்தில் பள்ளி, விடுதி, பத்துப் படுக்கை மருத்துவமனை எல்லாவற்றோடும் இந்த ஊர்தியும் ஒரு இனமாக இருக்கிறது. பொதுவாகச் செலவில் 90 சதவீதத்தை அரசு தரும், 10 சதவீதத்தை நிறுவனம் போட வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளில் முழுத் தொகையும் அரசே தருகிறது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. ஆக, சத்தீஸ்கரிலோ ஜார்க்கண்டிலோ அப்படி அறிவிக்கப்பட்ட பகுதியில் இதே வேலையைச் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு இல்லாத சுமை நம் மலைக்கு முதல் நாளே வந்துவிடுகிறது. அந்த 10 சதவீதத்தை யார் தருவார், எழுத்தில் தருவாரா என்பதை அறிவிப்பு வருவதற்கு முன்பே பேசி வைத்தாக வேண்டும்.

மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தியூரிலிருந்து கர்நாடகத்துக்குப் போகும் சாலை பர்கூர் வழியாகத்தான் ஏறுகிறது. சாலையோரத்து ஊர்களுக்கு பஸ் உண்டு. சாலையை விட்டு உள்ளே போகப் போக, கிழக்கு மலை, மேற்கு மலை என்று மக்கள் சொல்லும் இரண்டு பக்கமும் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. ஊராளி, சோளகர், மலையாளி, லிங்காயத்து, பட்டியல் சாதியினர் என்று பல சமூகத்தார் அடுத்தடுத்த ஊர்களில், சில இடங்களில் ஒரே ஊரில், இருக்கிறார்கள். பொழுது சாய்ந்தால் யானைக்குப் பயந்து யாரும் வண்டி எடுக்கத் தயங்குவார்கள். இரவில் வயிற்று வலி வந்தாலும் விடியும்வரை காத்திருப்பதுதான் பழக்கம். பிரசவ தேதி நெருங்கியவர்களை முன்கூட்டியே வரவழைத்துத் தங்க வைக்க, மலைப்பகுதிகளுக்கென்று பிரசவ காத்திருப்பு அறைகளை அரசு ஏற்படுத்தியிருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் ஆட்டையும் மாட்டையும் வீட்டில் இருக்கும் இரண்டு சின்னப் பிள்ளைகளையும் யாரிடம் விட்டுவிட்டு வருவது என்ற கேள்விக்கு அந்த அறையில் பதில் இல்லை. அதனால் அழைத்தவுடன் எல்லோரும் இறங்கி வந்துவிடுவதில்லை.

கோப்பும் நோட்டும்

காகித வேலையைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை, இதில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். தன்னார்வ நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவு எண், வருமான வரி விலக்குக்கான 12ஏ பதிவு, மூன்று ஆண்டு தணிக்கை அறிக்கை, அரசுப் பணம் வந்து சேரும் பிஎஃப்எம்எஸ் பதிவு, நிர்வாகக் குழுத் தீர்மானம். இவற்றில் ஒவ்வொன்றிலும் அறக்கட்டளையின் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இடத்தில் 'டிரஸ்ட்' என்றும் இன்னோர் இடத்தில் 'சாரிட்டபிள் டிரஸ்ட்' என்றும் இருந்தால், அதைச் சரிசெய்யவே ஒரு பருவம் ஓடிவிடும். 12ஏ பதிவு முன்போல் நிரந்தரமானதல்ல, காலாவதியாகும். அந்தத் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டினால்கூடத் தப்பில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு நோட்டுகள். மலைக்குப் போகும் கிராம சுகாதார செவிலியரின் பதிவேடு, முகாமில் நாங்கள் எழுதும் ஓபி நோட்டு, பள்ளிக்கூடத்து வருகைப் பதிவு, ரேஷன் கடைக்காரருக்கு மனப்பாடமாகத் தெரிந்த குடும்பக் கணக்கு. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் ஊரின் உடம்பு தெரிகிறது. பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்களின் பெயர்கள் குறிப்பிட்ட சில மாதங்களில் கூட்டமாகக் காணாமல் போவதை முகாம் நோட்டில் பார்த்தோம். மாத்திரை பிடிக்காமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் எங்களில் சிலர் நினைத்தார்கள். செவிலியர் சொன்னார்: "அவங்கெல்லாம் கரும்பு வெட்டப் போயிட்டாங்க சார். ஊர்லயே இல்ல." ஒரே வாக்கியத்தில் எங்கள் திட்டத்தின் ஒரு பகுதி மாறியது. மாதா மாதம் வண்டி போனால் போதும் என்று இருந்ததை, வேலைக்குக் கிளம்பும் பருவத்துக்கு முந்தைய நடையில் கூடுதல் மாத்திரையும், போகிற இடத்தில் காட்டுவதற்கு ஒரு சீட்டும் கொடுப்பது என்று எழுதினோம். இதை எந்த விண்ணப்பப் படிவமும் கேட்காது. ஆனால் இது இல்லாத திட்டம் பாதி வருஷம் ஆளில்லாத வீட்டு வாசலில் நிற்கும்.

பாம்புக்கடியும் அப்படித்தான். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தின்படி, பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இதனால் கடி வாங்கி வருபவர்களின் கணக்கு இனிமேல் மருத்துவமனைகளிலிருந்து ஒழுங்காக மேலே போக வேண்டும். விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனாலும் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்தான் அந்தக் கணக்கில் இருப்பார். மந்திரித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தவரும், வரும் வழியில் உயிர் போனவரும் இருக்க மாட்டார்கள். ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து, போன மழைக்காலத்திலிருந்து இந்த மழைக்காலம்வரை யாருக்கு என்ன ஆனது என்று கேட்டால்தான் அவர்கள் கணக்குக்கு வருவார்கள். பெரியவர்கள் தேதி சொல்ல மாட்டார்கள். பண்டிகை, அறுவடை, யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம் என்று சொல்வார்கள். அதை மாதமாக மாற்றி எழுதிக்கொள்வது நம் வேலை.

'எங்க ஊரு எந்தக் கட்டத்துல வருதுங்க?'

இந்த மாதிரி ஒரு கூட்டத்தில்தான் அது நடந்தது. வண்டி எந்தெந்த ஊரில் நிற்கும் என்று பெரிய தாளில் அட்டவணை போட்டுக்கொண்டு போயிருந்தோம். ஊர்ப் பெயர், மொத்தக் குடும்பங்கள், பட்டியல் பழங்குடிக் குடும்பங்கள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்று கட்டங்கள். ஒவ்வொரு ஊராகப் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டுக்கொண்டு வந்தோம். ஒரு மலையாளி ஊரின் பெயரைப் படித்தபோது, மூன்றாவது கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. அந்த ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு சுவரோரமாக நின்றவர், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர், முன்னால் வந்து அந்தப் பூஜ்யத்தில் விரல் வைத்தார். "ஏனுங்க சார், எங்க ஊரு எந்தக் கட்டத்துல வருதுங்க? இதுல ஒண்ணுமில்லைனு போட்டிருக்குதுங்களே. அப்ப வண்டி எங்களுக்கு வராதுங்களா?"

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். பட்டியல் பழங்குடிகள் பட்டியலில் தமிழ்நாட்டுக்கு உரிய பகுதியில் மலையாளி என்ற பெயர் இருக்கிறது. ஆனால் அதோடு மாவட்டங்களும் சேர்த்து எழுதப்பட்டிருக்கின்றன: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. 1976-இல் பட்டியலைத் திருத்தியபோது பல சமூகங்களுக்கு இருந்த வட்டார வரம்பை எடுத்துவிட்டார்கள், இவர்களுக்கு எடுக்கவில்லை. பர்கூர் மலை அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1979-இல்தான் ஈரோடு தனி மாவட்டமானது. கோயம்புத்தூர் அந்த வரிசையில் இல்லாததால் ஈரோடும் இல்லை. கொல்லிமலையிலும் கல்வராயனிலும் ஜவ்வாது மலையிலும் இருக்கும் மலையாளி பழங்குடி. பர்கூரில் இருக்கும் மலையாளி பழங்குடி இல்லை. அதே மொழி, அதே சாமை ராகிச் சாப்பாடு, அதே இருட்டு, அதே யானை. தங்களையும் சேர்க்கக் கேட்டு இந்த மக்கள் பல காலமாகப் போராடி வருகிறார்கள்.

சாதிச் சான்றிதழ் இல்லாததால் பிள்ளைகளின் படிப்பு கெடுவதைப் பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. உடம்புக்கும் அது வந்து சேர்கிறது என்பதை அந்த விரல் அந்தப் பூஜ்யத்தின் மேல் வந்த நிமிஷத்தில்தான் நான் முழுசாக உணர்ந்தேன். பழங்குடி மக்களுக்காக இப்போது வரும் பெரிய திட்டங்களைப் பாருங்கள். 2023 நவம்பரில் தொடங்கிய பிஎம் ஜன்மன் திட்டம், மிகவும் நலிந்த பழங்குடிக் குழுக்களுக்கானது. தமிழ்நாட்டில் அப்படி ஆறு குழுக்கள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஊராளியும் சோளகரும் அதில் இல்லை. 2024 அக்டோபர் 2-இல் தொடங்கிய தர்தி ஆபா திட்டத்தில், ஊரின் மக்கள்தொகை 500-க்கு மேல் இருந்து, அதில் பாதிப் பேராவது பட்டியல் பழங்குடியாக இருக்க வேண்டும் என்பது பொது அளவுகோல். பின்தங்கியவை என்று மத்திய அரசு தேர்ந்தெடுத்த 'முன்னேற விழையும் மாவட்டங்களுக்கு'த் தளர்வு உண்டு. தமிழ்நாட்டில் அவை ராமநாதபுரமும் விருதுநகரும்தான். இரண்டு திட்டங்களிலும் நடமாடும் மருத்துவ ஊர்திக்கு இடம் இருக்கிறது. ஊராளியும் மலையாளியும் கலந்து வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளிகளைக் கணக்கில் எடுக்காததால் பழங்குடி விகிதம் பாதிக்குக் கீழே இறங்கினால், அந்த ஊரின் ஊராளிக் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் கதவு மூடுகிறது. ஒரு சமூகத்தைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டது பக்கத்து வீட்டுக்காரரின் மருந்தையும் பறிக்க முடியும். இதை நான் எந்த அறிக்கையிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் அட்டவணையைக் கூட்டிப் பார்த்தபோது தெரிந்தது.

கூட்டம் முடிந்து கீழே வந்த பிறகு எங்களுக்குள் பேச்சு நீண்டது. எல்லோரையும் பழங்குடி என்றே போட்டுவிடலாம், ஆய்வுக்கு வருகிறவர் வீடு வீடாகவா சான்றிதழ் கேட்கப் போகிறார் என்றார் ஒருவர். நல்ல மனசில் சொன்னதுதான். ஆனால் அப்படிச் செய்தால், பின்னால் யாராவது ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு மொத்த மானியத்தையும் நிறுத்தலாம். அதைவிட, இந்த மக்கள் பட்டியலில் இல்லை என்ற உண்மையே நம் தாளில் மறைந்துபோகும். இன்னொருவர், மலையாளி ஊர்களை இந்த விண்ணப்பத்தில் விட்டுவிடலாம், விகிதம் உயரும், கிடைப்பது உறுதியாகும் என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரிதான். வண்டி அந்த ஊர் வழியாகத்தான் அடுத்த ஊராளி ஊருக்குப் போக வேண்டும். கர்ப்பிணி ஒருத்தி சாலையோரம் நின்று கை காட்டினால் டிரைவர் நிறுத்தாமல் போவாரா? போனால் அந்த வண்டி அப்புறம் எதற்கு?

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு இது. அட்டவணையில் எந்த எண்ணையும் மாற்றுவதில்லை, எந்த ஊரையும் நீக்குவதுமில்லை. பட்டியல் பழங்குடிக் கட்டம் அப்படியே இருக்கும். அதற்குப் பக்கத்தில், 'வேறு மாவட்டங்களில் பட்டியல் பழங்குடியாக ஏற்கப்பட்டு இங்கே ஏற்கப்படாத சமூகம்' என்று இன்னொரு கட்டம். அதன் காரணத்தைப் பட்டியலின் வாசகத்தோடு இணைப்பில் சொல்வது. ஊர்தியின் செலவில் பட்டியல் பழங்குடி ஊர்களுக்கு ஆகும் பங்கை அமைச்சகத்திடம் கேட்பது. மற்ற ஊர்களுக்கான நடையின் டீசல், பரிசோதனைச் செலவு, ஆள் கூலி ஆகியவற்றை வேறு வழியில் திரட்டி, அது எங்கிருந்து வருகிறது என்பதையும் அதே விண்ணப்பத்தில் ஒளிக்காமல் எழுதுவது. ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் அரசுப் பணம் வாங்கக் கூடாது என்பது அடிப்படை விதி. எந்தச் செலவு எந்தக் கணக்கில் என்று முன்பே பிரித்துவிட்டால் அந்தச் சிக்கல் வராது. இப்படி எழுதினால் கிடைக்கும் வாய்ப்பு குறையுமே என்று கேட்டார்கள். குறையலாம். ஆனாலும் இந்த முடிவில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

சாதி கேட்காத கதவு

மற்ற ஊர்களுக்கான வழியைத் தேடியபோதுதான் தேசிய சுகாதார இயக்கத்தின் திட்டமிடல் முறையை ஒழுங்காகப் படித்தேன். 2005 ஏப்ரல் 12-இல் கிராமங்களுக்கென்று தொடங்கிய இயக்கம் அது. தமிழ்நாடு மாதிரி மாநிலங்களில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் நடக்கிறது. ஆண்டுக்கு இவ்வளவு வேண்டும் என்று மாநிலம் மொத்தமாகக் கேட்கும் அறிக்கையைத்தான் எல்லோரும் பிஐபி என்கிறார்கள். அது சென்னையில் உட்கார்ந்து எழுதப்படுவது என்று பலர் நினைக்கிறார்கள். முறைப்படி பார்த்தால் ஆரம்ப சுகாதார நிலையம், வட்டாரம், மாவட்டம் என்று கீழிருந்து மேலே போக வேண்டியது. இப்போது இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கேட்கும் வழக்கம் வந்திருக்கிறது. அதனால் ஒரு முறை தவறினால் காத்திருப்பும் நீளம். வட்டார மருத்துவ அலுவலரின் மேஜையில் நம் ஊரின் தேவை எழுத்தாக இருந்தால்தான் அது மாவட்டத் திட்டத்தில் ஒரு வரியாக ஏறும். வாயால் சொன்னது ஏறாது.

இந்தக் கதவில் யாரும் சாதி கேட்பதில்லை. கேட்பது தலைக்கணக்கு. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் சமவெளியில் 30,000 பேருக்கு, மலையில் 20,000 பேருக்கு. மலைக்குச் சலுகை கொடுத்த மாதிரித்தான் தெரியும். ஆனால் நாற்பது வீடு, அறுபது வீடு என்று காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் ஊர்களில் 3,000 பேரைச் சேர்ப்பதற்குள் எத்தனை பள்ளம் தாண்ட வேண்டும் என்பதை அந்த எண் சொல்லாது. இதற்கு இயக்கத்தின் விதிகளிலேயே ஒரு பதில் இருக்கிறது. மலை, பாலைவனம் போன்ற பகுதிகளில் தலைக்கணக்குக்குப் பதிலாக நேரக் கணக்கை வைக்கலாம். குடியிருப்பிலிருந்து நடந்து அரை மணி நேரத்துக்குள் துணை சுகாதார நிலையம் இருக்க வேண்டும் என்பது அந்த அளவு. மலை ஊர்களுக்காக எழுதுகிற எவரும் இதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. மருத்துவத்துக்கான பணத்தைப் பொறுத்தவரை, ஒரு மனிதர் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பதைவிட நர்சிடமிருந்து எவ்வளவு நேரத் தூரத்தில் இருக்கிறார் என்பதுதான் நியாயமான அளவு.

அதனால் அட்டவணையில் கிலோமீட்டர் இருந்த இடத்தில் நேரம் எழுதத் தொடங்கினோம். கிலோமீட்டர் மலையில் ஏமாற்றும். நல்ல தார்ச்சாலையில் பத்து கிலோமீட்டர் ஒன்றுமில்லை; ஓடையும் ஏற்றமும் உள்ள மூன்று கிலோமீட்டர் ஒரு கர்ப்பிணிக்கு அரை நாள். ஒவ்வோர் ஊருக்கும் நடந்தால் எவ்வளவு, பைக்கில் எவ்வளவு, ஜீப்பில் எவ்வளவு, மழைக்காலத்தில் எவ்வளவு, இரவில் போக முடியுமா முடியாதா என்று கேட்டு எழுதினோம். ஊர்க்காரர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு நடந்தே பார்த்ததும் உண்டு. எல்லையை ஒட்டிய சில ஊர்க்காரர்கள் அவசரத்துக்குக் கர்நாடகப் பக்கம்தான் போகிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவர்களின் பிரசவமும் தடுப்பூசியும் நம் பக்கத்துப் பதிவேட்டில் விட்டுப்போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். வரைபடத்தில் ஊர்களை வட்டமாகக் குறித்து, நேரத்துக்கு ஏற்ப வண்ணம் தீட்டிக் காட்டியபோது, பட்டியலில் இருக்கும் ஊரும் இல்லாத ஊரும் ஒரே சிவப்பில் இருந்தன. பத்துப் பக்கம் எழுதினாலும் வராத தெளிவு அந்த ஒரு தாளில் வந்தது.

டயரும் டிரைவரும்

வண்டி வாங்குவதற்குப் பணம் கேட்பது சுலபம். அதை ஓட வைப்பதற்குக் கேட்கத்தான் பலர் கூச்சப்படுகிறார்கள். தொகை பெரிதாகத் தெரிந்தால் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து, டிரைவர் சம்பளத்தைக் குறைத்து, டயர் மாற்றுவதை விட்டுவிட்டு எழுதுவார்கள். மலைச்சாலையில் டயர் சமவெளிக் கணக்கில் உழைக்காது. பிரேக், கிளட்ச் எல்லாம் அப்படித்தான். டிரைவர் சில நாள் மேலேயே தங்க வேண்டும், அவருக்குச் சாப்பாடு, படுக்க இடம் வேண்டும். நர்சுக்குப் பாதுகாப்பாகத் தங்க ஒரு அறையும் கழிப்பறையும் வேண்டும். இதையெல்லாம் செலவுப் பட்டியலில் வெளிப்படையாக எழுத வேண்டும். அதிலேயே கைவைத்தால், மாட்டுக்கு லாடம் கட்டாமல் மலை ஏற்றுகிற மாதிரிதான் ஆகும்.

பணம் வரும் விதத்துக்கும் தயாராக வேண்டும். மானியம் தவணையாகத்தான் வரும். முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்து, ஆய்வு அறிக்கை மேலே போய், அப்புறம்தான் அடுத்தது. இடையில் சில மாதம் டீசலுக்கும் சம்பளத்துக்கும் எங்கிருந்து எடுப்பது என்று முன்பே யோசிக்காத நிறுவனங்களின் வண்டிகள் ஷெட்டில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஆறு மாதச் செலவுக்காவது தனியாகக் கையிருப்பு சேர்ப்பதை நாங்கள் தயாரிப்பின் ஒரு பகுதியாகவே வைத்தோம். 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி, மானியப் பணத்துக்கு வங்கியில் கிடைக்கும் வட்டியும் அரசுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். மானியத்தில் வாங்கிய பொருளை அனுமதியில்லாமல் விற்கவோ வேறு வேலைக்குத் திருப்பவோ கூடாது. இதற்கெல்லாம் தனி வங்கிக் கணக்கு, தனி சொத்துப் பதிவேடு, வண்டிக்கு லாக் புக் என்று முதல் நாளிலிருந்தே வேண்டும். மானியம் கிடைப்பதற்கு முன்பே, இப்போது முகாமுக்கு வாடகைக்கு எடுக்கும் ஜீப்புக்கு லாக் புக் எழுதத் தொடங்கிவிட்டோம். எந்த ஊருக்கு எந்த நாளில் போனது, எத்தனை பேர் வந்து உடம்பைக் காட்டினார்கள், எதனால் போக முடியவில்லை என்று அதில் இருக்கிறது. நாளைக்கு ஆய்வுக்கு வருகிறவர் கையில் கொடுக்க இதைவிட நல்ல சாட்சி இல்லை.

வண்டியோடு நிறுத்தாமல், உள்ளே இருக்கும் ஊர்களுக்கு நடுவில் ஒரு துணை சுகாதார நிலையமும் கேட்க வேண்டும் என்பது செவிலியரின் விருப்பம், இப்போது எங்கள் எல்லோரின் விருப்பமும். அங்கே இடம் என்றால் காடுதான். 2024 ஜனவரியில் இந்த வட்டாரக் காடுகள் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகு, கட்டடம் என்ற பேச்சை எடுத்தாலே முடியாது என்று சொல்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஆனால் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்ற பிரிவு இருக்கிறது. காட்டில் வாழும் மக்களுக்காக அரசு நடத்தும் பள்ளி, மருந்தகம் அல்லது மருத்துவமனை, அங்கன்வாடி போன்றவற்றுக்கு, ஓர் இடத்துக்கு ஒரு ஹெக்டேருக்கு மேற்படாமல், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், வன நிலத்தைத் தர அது வழி செய்கிறது. அதற்கு முதல் படி கிராம சபையின் பரிந்துரை. அந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியோடு நிற்காமல், காட்டைச் சார்ந்து வாழும் மற்ற மக்களையும் சேர்த்துக்கொள்கிறது. மூன்று தலைமுறையாக அங்கே வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்ற கடினமான நிபந்தனை அவர்களுக்கு இருந்தாலும், மலையாளி ஊர்களின் பெயர் இந்தச் சட்டத்தில் அடிபட்டுப் போவதில்லை.

கிராம சபை தமிழ்நாட்டில் வழக்கமாக ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். அதனால் தீர்மானத்தின் வாசகத்தை முன்கூட்டியே எழுதி, ஊர் ஊராகப் படித்துக் காட்டித் திருத்திக்கொண்டிருக்கிறோம். இடம் எது என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை. ஊராளி ஊருக்குப் பக்கத்தில் ஓடையை ஒட்டிய இடத்தைச் சிலர் சொல்கிறார்கள், தண்ணீர் வசதி இருக்கிறது என்று. மலையாளி ஊர்க்காரர்கள் அதற்கு மேலே இருக்கும் பழைய களத்தைச் சொல்கிறார்கள், மழையில் ஓடை பெருகினால் தாங்கள் கடக்க முடியாது என்று. இரண்டு இடத்திலிருந்தும் எல்லா ஊர்களுக்கும் நடக்கும் நேரத்தைக் கர்ப்பிணிப் பெண்களின் நடையில் அளந்து, அந்தக் கணக்கைச் சபையின் முன்னால் வைத்து, முடிவை அவர்களிடமே விடுவதாக இருக்கிறோம். அளக்கிற வேலையை இரண்டு ஊர்ப் பெண்களும் சேர்ந்து செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.